வாய்விட்டுச் சொன்ன ஓட்டு

செப்டம்பர் 15, ஞாயிறு

எழில் இந்த நோட்டை வாங்கிக் கொடுத்து, "அப்பா, நாள் பூரா என்கிட்ட பேசுறதை இதுல எழுதுங்க"ன்னு சொல்லிட்டா. மகளே மைக்கைப் பிடுங்கிட்டா, வேறென்ன! ஒரத்தநாடு பக்கம் போய் 'மைக் செட் இளஞ்சேரன்'னு கேட்டுப் பாருங்க. கட்சிக் கூட்டம், கல்யாணம், காதுகுத்து எல்லாத்துக்கும் நம்ம குழாய்தான், நம்ம குரல்தான். இப்போ அறுபத்தெட்டு வயசுல கென்டக்கியில மகள் வீட்டு சோபாவுல உட்கார்ந்து அணில் ஓடுறதைப் பார்த்துக்கிட்டிருக்கேன். டிசம்பர்லதான் திரும்பற டிக்கெட்.

காலையிலேயே பொண்டாட்டி செண்பகத்தோட சண்டை. வாட்ஸ்அப்ல அழைப்பிதழ் வந்திருக்கு, என் தம்பி அறிவழகனுக்கு நவம்பர் பத்தாம் தேதி மணிவிழாவாம். "டிக்கெட்டை மாத்தி முன்னாடியே போயிடலாம்ங்க. கூடப் பிறந்தவருக்கு அறுபதாம் கல்யாணம், அண்ணன் நீங்க இல்லாம எப்படி?"ன்னு கேக்கறா. எந்த மூஞ்சியோட கேக்கறான்னு தெரியலை. அவளுக்குத் தெரியாத கதையா?

தொண்ணூத்தாறுல நம்ம ஊராட்சிக்கு நான் பிரசிடெண்டுக்கு நின்னேன், பூட்டு சாவி சின்னம். எதிர்ல ஏணி சின்னத்துல தங்கமுத்து. அவர் யாருன்னா, தம்பி பொண்டாட்டிக்குத் தாய்மாமன். நான் தோத்தது ஒரே ஒரு ஓட்டுல! தெருத்தெருவா நான் போட்டு வச்சிருந்த கணக்குல நம்ம ஓட்டு ஒண்ணு குறைஞ்சு ஒண்ணு அங்கே கூடியிருந்துச்சு. தம்பி பொண்டாட்டி மாமனுக்குப் போட்டா, அது நியாயம், அதை முன்னாடியே கழிச்சுட்டேன். மிச்சம் யாரு? தம்பிதான். இல்லவே இல்லைன்னு அம்மா மேல சத்தியம் பண்ணினான். நான் நம்பலை. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், இருபத்தெட்டு வருஷமா பேச்சு வார்த்தை கிடையாது.

போக மாட்டேன். எழுதியே வைக்கிறேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

துணி காயப்போடக் கொடி கட்டினேன். இந்தத் தெருவுல அப்படியெல்லாம் கட்டக்கூடாதாம், எழில் அவுத்துட்டா.

செப்டம்பர் 21, சனி

இன்னிக்கு நாள் போனதே தெரியலை!

பக்கத்து வீட்டு ரஸ்ஸல், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரு, "வர்றீங்களா?"ன்னு வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாரு. என் இங்கிலீஷ் வேற, அவர் இங்கிலீஷ் வேற. ஆனாலும் சைகையும் சிரிப்புமா ஓடுது. ஊர் நடுவுல ஒரு பழைய செங்கல் கோர்ட்டுக் கட்டடம், இப்போ மியூசியம். டெப்ராங்கிற அம்மா பார்த்துக்கறாங்க. வர்ற மாசம் பத்தொன்பதாம் தேதி அங்கே ஒரு பழைய தேர்தலை மறுபடி நடத்தப் போறாங்களாம், நாடகம் மாதிரி. 1828ல நடந்த ஜனாதிபதி தேர்தல். ஒரு பக்கம் ஆடம்ஸ், பதவியில இருந்தவர், படிச்சவர், அப்பாவும் ஜனாதிபதியா இருந்தவர். எதிர்ப்பக்கம் ஜாக்சன், பட்டாளத்துத் தளபதி. 'நான் உங்கள்ல ஒருத்தன், மேல உட்கார்ந்திருக்கிற பெரிய மனுஷங்களை வீட்டுக்கு அனுப்புவோம்'னு ஜனங்களைக் கிளப்பி விட்டவர். முந்தின தேர்தல்ல இவருக்குத்தான் ஓட்டு ஜாஸ்தி விழுந்துச்சாம். பெரும்பான்மை இல்லேன்னு சபையில கூடி ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்துட்டாங்களாம். அந்த ஆத்திரத்தை நாலு வருஷம் ஆறவிடாம வச்சிருந்து ஜெயிச்சிருக்காரு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. தோத்தவன் வயித்தெரிச்சல் தோத்தவனுக்குத்தான் தெரியும்.

இதைவிட ஒரு விஷயம் சொன்னாங்க பாருங்க! அந்தக் காலத்துல இந்தக் கென்டக்கியில ஓட்டுச் சீட்டே கிடையாதாம். நீதிபதி பேரைக் கூப்பிடுவாரு, ஊர் ஜனம் மொத்தமும் சுத்தி நிக்கும், "யாருக்கு?"ன்னு கேப்பாரு, சத்தமா வாய்விட்டுச் சொல்லணும். குமாஸ்தா எழுதிக்குவாரு. ஓட்டு வாங்கின கட்சிக்காரங்க ஓடி வந்து கையைக் குலுக்குவாங்க.

அடடா, நம்ம ஊர்லயும் இப்படி வச்சிருந்தா! அறிவு அன்னிக்கே மாட்டியிருப்பான்.

செப்டம்பர் 24, செவ்வாய்

எழில் மிரட்டிட்டுப் போயிருக்கா. "இப்போ இங்கே நடக்கிற தேர்தலைப் பத்தி யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்கப்பா, தெருவே ரெண்டா கிடக்கு." "இருநூறு வருஷத்துக்கு முந்தினதைப் பேசலாமா?"ன்னு கேட்டேன். தலையில அடிச்சுக்கிட்டா.

ஜாக்சன் கோஷ்டிக்கு ரஸ்ஸல் தலைவர். ஆள் சேரலைன்னு புலம்பறாரு. எங்கிட்ட விட்டுடுங்கன்னு சொல்லிட்டேன்.

செப்டம்பர் 28, சனி

ஜாக்சனுக்குப் பட்டப்பேரு 'கிழட்டு ஹிக்கரி'. ஹிக்கரிங்கிறது இந்தப் பக்கத்து வைரம் பாய்ஞ்ச மரம். ஆளும் அந்த மாதிரின்னு சொல்லி ஊருக்கு ஊர் ஹிக்கரிக் கம்பம் நட்டிருக்காங்க. கம்பம் நடறது, மேளம், ஊர்வலம், விருந்து. நான் வாய்விட்டுச் சிரிச்சுட்டேன். ரஸ்ஸல் ஏன்னு கேட்டாரு. கொடிக்கம்பம்னா எங்க தெருவுல எத்தனை ஜாதிக் கம்பம், எத்தனை கலர், அதுக்காக எத்தனை மண்டை உடைஞ்சுதுன்னு எப்படி அவருக்குச் சொல்றது?

எதிர்க்கட்சிக்காரங்க ஜாக்சனைக் கழுதைன்னு திட்டினாங்களாம். மனுஷன் கோவிச்சுக்காம கழுதையைத் தனக்குச் சாதகமாவே எடுத்துக்கிட்டாராம். மேடையில நிக்கத் தெரிஞ்சவன்!

கம்பத்தை நானும் ரஸ்ஸலும் இன்னும் ரெண்டு பேரும் தூக்கி நிறுத்தினோம். குழி ஆழம் பத்தாதுன்னு சொன்னேன், கேக்கலை, சாஞ்சுச்சு. மறுபடி தோண்டினோம். மண் வாசனை மூக்குல ஏறினதும் எண்பதாம் வருஷம் ஞாபகத்துக்கு வந்துடுச்சு. வாடகை ஜீப், கூரையில ரெண்டு குழாய், பேட்டரி சூடு தொடையில சுடும். வயல்ல நாத்து நடற பொம்பளைங்க நிமிர்ந்து பார்ப்பாங்க. நான் குரலைக் கொஞ்சம் குழைச்சு, "தாய்மார்களே! உங்கள் ஓட்டு உங்கள் உரிமை! யாருக்குப் போட்டீங்கன்னு உங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்ல வேண்டியதில்லை! அது ரகசியம்!"னு சொன்னா, சேத்துக்குள்ள நின்னுக்கிட்டே சிரிப்பாங்க பாருங்க. அந்தச் சிரிப்புக்கே நூறு ஓட்டு விழும். இப்போ எல்லாம் போன்ல வந்துடுது. ஜீப்பும் போச்சு, குழாயும் போச்சு.

அக்டோபர் 2, புதன்

செண்பகம் மறுபடி மணிவிழாப் பேச்சை எடுத்தா. எழுந்து நடக்கப் போயிட்டேன். வழி தவறி, ரஸ்ஸல் கூட்டிட்டு வந்தாரு.

அக்டோபர் 5, சனி

இன்னிக்குச் செண்பகத்தையும் கூட்டிட்டுப் போனேன். டெப்ரா எல்லாரையும் உட்கார வச்சுப் பேசினாங்க. எழில் கூட இருந்ததால முழுசாப் புரிஞ்சுது. புரியாமலே இருந்திருக்கலாம்.

'சாமானியனின் ஆட்சி'ன்னாங்களே, அந்தச் சாமானியன்ல பெண்கள் கிடையாதாம். கறுப்பு மக்கள் கிடையாதாம். ஜாக்சன் பண்ணையிலேயே அடிமைகள் இருந்தாங்களாம். ஜெயிச்சு வந்ததும் இந்த மண்ணோட பூர்வகுடிகளை ஊரை விட்டே துரத்தச் சட்டம் போட்டாராம். என்னை மாதிரி ஒரு ஆள் அன்னிக்கு அந்த மேஜைக்கு முன்னாடி போய் நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்னு டெப்ராகிட்ட கேட்டேன். விரட்டி விட்டிருப்பாங்கன்னு மறைக்காம சொன்னாங்க அந்தம்மா. அப்புறம், "அதனாலதான் நாங்க நடத்துறப்போ வர்ற எல்லாருக்கும் ஓட்டு உண்டு"ன்னாங்க. ரஸ்ஸல்கிட்ட, கம்பத்தைப் பிடுங்கிடலாமான்னு கேட்டேன். "இருக்கட்டும், நடந்ததைத்தானே காட்டுறோம்"னாரு. சரின்னு பட்டுச்சு. ஆனாலும் பழைய உற்சாகம் கொஞ்சம் குறைஞ்சுதான் போச்சு.

செண்பகம் பிடிச்சுக்கிட்டது வேற விஷயத்தை. ஜாக்சனோட பொண்டாட்டியைப் பத்தி அந்தத் தேர்தல்ல கண்டபடி எழுதியிருக்காங்க. முதல் புருஷன்கிட்டேயிருந்து சட்டப்படி விலகறதுக்கு முன்னாடியே இவரைக் கட்டிக்கிட்டாள்னு பழசைக் கிண்டி ஊர் சிரிக்க வச்சிருக்காங்க. ஏற்கெனவே உடம்பு முடியாத பொம்பளை. அவர் ஜெயிச்சாரு. பதவி ஏத்துக்கறதுக்கு முன்னாடியே அந்தம்மா செத்துப் போயிட்டாங்க. அடக்கம் பண்ணிட்டு, தனியாத்தான் அந்த வெள்ளை மாளிகைக்குப் போயிருக்காரு.

வண்டியில வர்றப்போ செண்பகம் வெளியவே பார்த்துக்கிட்டு வந்தா. "அவ்வளவு பெரிய வீட்டுக்குத் தனியாப் போய் என்னங்க பண்ணினாரு?"ன்னா. ஆட்சி பண்ணினாருன்னு சொன்னேன்.

அக்டோபர் 12, சனி

கோஷம் சொல்லிக் கொடுத்தேன். முன்னாடி ஒருத்தர் சொல்ல, பின்னாடி எல்லாரும் திருப்பிச் சொல்லணும், அதுதான் சூட்சுமம். வெள்ளைக்காரங்களுக்கு முதல்ல கூச்சம். பத்து நிமிஷத்துல பிள்ளைங்க மாதிரி கத்த ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு முன்னாடி மாதிரி குரல் எடுக்கலை, இருமல் வந்துடுச்சு. செண்பகம் சுடுதண்ணி கொண்டு வந்தா. எங்க போனாலும் ஃபிளாஸ்க்கோட வருவா.

தொண்ணூத்தாறுலயும் இந்த ஃபிளாஸ்க்தான். பிரச்சாரத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் மூணு வேளை சோறு அவ கையால. ஒரு தடவைகூட முகம் சுளிச்சதில்லை. இத்தனைக்கும் அவளுக்கு அப்போ உடம்பு சரியில்லை. கர்ப்பப்பையில கட்டின்னு சொல்லியிருந்தாங்க. ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சு, வேட்புமனு வந்து ஒரு தடவை, பிரச்சாரம் வந்து ஒரு தடவைன்னு தள்ளிப் போட்டோம். ஜெயிச்சதும் பார்த்துக்கலாம்னேன். ஜெயிச்சா பதவியேற்பு, ஊர்வலம், துணைத்தலைவர் தேர்தல், மாலை மரியாதைன்னு பொங்கல் வரைக்கும் மூச்சு விட முடியாதுன்னு எனக்கே தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

தோத்துட்டு மூணு நாளா வெளிய தலை காட்டாம படுத்திருந்தேன். அவதான் வந்து, "சும்மாத்தானே இருக்கீங்க, வாங்க தஞ்சாவூர் போயிட்டு வந்துடலாம்"னா. பெரிய டாக்டர் என்னைப் பிடிச்சு ஏறு ஏறுன்னு ஏறினாரு. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா கையை விரிச்சிருப்பேன்னாரு. தோத்த கடுப்புல இருக்கேன், இதுல திட்டு வேற!

ஆனா ஒண்ணு. அந்த ஆஸ்பத்திரி நாளுங்க ஏனோ மறக்கலை. கஞ்சி வைக்கக் கத்துக்கிட்டேன். சாயங்காலம் அவ கையைப் பிடிச்சு வராந்தாவுல நடத்திக் கூட்டிட்டுப் போவேன். கல்யாணமாகி அவ்வளவு நாள் சேர்ந்தாப்ல நாங்க ஒரே இடத்துல இருந்தது அப்போதான். அறிவு ஒரு பை ஆப்பிளோட வந்தான். கேட்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டேன். உள்ளே வந்து சொன்னதும் செண்பகம் அழுதா. தையல் வலி பாவம்.

அக்டோபர் 18, வெள்ளி

நாளைக்கு எங்க கோஷ்டிக்கு விருந்து நாங்கதான். செண்பகம் பெரிய பாத்திரத்துல புளியோதரை கிண்டறா. நல்லெண்ணெய் வாசனை தெரு முனை வரைக்கும். ரஸ்ஸல் வந்து ருசி பார்த்துட்டு, இதுக்கே ஜாக்சன் ஜெயிச்சிடுவாருன்னாரு. "உன் ஓட்டு நமக்குத்தானே?"ன்னு சும்மா சீண்டினேன். அவ கரண்டியை ஆட்டி, "தள்ளி நில்லுங்க, எண்ணெய் தெறிக்கும்"னா.

அக்டோபர் 19, சனி

நடந்தது நடந்தபடி எழுதறேன்.

நல்ல கூட்டம். மேளம், ஊர்வலம், கோஷம் எல்லாம் ஜம்முனு போச்சு. ரஸ்ஸல் தலையில பழைய காலத்துத் தொப்பி, என் தோள்ல துண்டு. கோர்ட்டு வாசல்ல டெப்ரா நீதிபதி அங்கியில உட்கார்ந்திருந்தாங்க. ஒவ்வொருத்தரா கூப்பிட்டாங்க. "இளஞ்சேரன்!" போய் நின்னேன். "ஜாக்சன்!" குரல் அந்த ஒரு தடவை பழையபடி வந்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க.

அடுத்தது செண்பகவல்லி. புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கிட்டு மேஜைக்கிட்டப் போனா. நான் கையை நீட்டிக்கிட்டு ஓடத் தயாரா நிக்கறேன், முதல் ஆளாக் கை குலுக்கணும்னு.

"ஆடம்ஸ்"னா.

சத்தமா, தெளிவா. எங்க ஆளுங்க 'ஓ'ன்னு சிரிச்சாங்க. டெப்ரா வேடிக்கையா, காரணம் சொல்றீங்களான்னு கேட்டாங்க. செண்பகம் தமிழ்லயே சொன்னா. எழில்தான் மொழிபெயர்த்தா.

"ஜாக்சன் தோத்தா வீட்டுக்குப் போவாரு. வீட்டுல இருந்தா அந்தம்மாவைப் பார்த்துக்குவாரு. அவங்க பொழைச்சிருப்பாங்க."

சிரிப்பு நின்னு போச்சு. டெப்ரா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. ஆடம்ஸ் கோஷ்டியில யாரோ ஒரு கிழவர் வந்து அவ கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. நான் நீட்டின கையோட நின்னுக்கிட்டிருந்தேன்.

கடைசியில நாங்கதான் ஜெயிச்சோம், நல்ல வித்தியாசத்துல. நான் நின்ன பக்கம் ஜெயிச்சு எத்தனை வருஷம் ஆச்சு! எனக்குக் கை தட்டத் தோணலை.

அக்டோபர் 20, ஞாயிறு

மிச்சப் புளியோதரை சாப்பிட்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

ரெண்டு நாளா வாய் வரைக்கும் வருது, முழுங்கிடறேன். இன்னிக்கு எழில் வேலைக்குப் போனதும் அடுப்படிக்குப் போனேன். செண்பகம் பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தா. மெஷின் இருந்தாலும் கையாலதான் கழுவுவா.

"தொண்ணூத்தாறுல..."ன்னு ஆரம்பிச்சேன். அதுக்கு மேல வரலை. எத்தனை ஆயிரம் பேர் முன்னாடி பேசின வாய் இது!

அவ திரும்பலை. "தம்பி உங்களுக்குப் போடாம இருந்திருக்க மாட்டாருன்னு ஒவ்வொரு பொங்கலுக்கும் சொன்னேன். ஒரு தடவை கேட்டீங்களா?"

"அப்போ அந்த ஓட்டு?"

குழாயை மூடினா. முந்தானையில கையைத் துடைச்சா. அப்புறம் என்னை நேராப் பார்த்தா. கண்ணு ரெண்டும் நிறைஞ்சிருந்துச்சு. ஆனா உதட்டுல வயல்ல நின்ன பொம்பளைங்களோட அதே சிரிப்பு.

"நீங்கதானே மைக்ல சொன்னீங்க? வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்ல வேண்டியதில்லைன்னு."

"சோறு ஆக்கிப் போட்டியேடி, அத்தனை பேருக்கும்!"

"சோறு போட்டது உங்களுக்காக. ஓட்டு என்னோடது."

மறுபடி குழாயைத் திறந்துட்டா. நான் கோவப்பட்டிருக்கணும். வருமான்னு கொஞ்ச நேரம் அங்கேயே நின்னு பார்த்தேன், வரலை. அவ கழுவி வச்சதை ஒண்ணொண்ணாத் துடைச்சு அடுக்கினேன். நாலு தட்டு துடைச்சதும் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வராந்தா ஞாபகம் வந்துச்சு. இந்தக் கைதான் அன்னிக்குப் பிடிச்சுக்கிட்டு நடந்தது.

அக்டோபர் 24, வியாழன்

மழை. செண்பகமும் எழிலும் கடைக்குப் போயிருக்காங்க.

தம்பி நம்பர் எங்கிட்ட இல்லை. செண்பகத்தோட போன்லதான் இருந்துச்சு, முந்தாநாளே அதுலேருந்து எடுத்து வச்சுக்கிட்டேன். ஏன் எடுத்தேன்னு கேக்காதீங்க. பின்பக்கம் தென்னை மரத்துல காய் முத்தி விழுந்தா அவன் வீட்டு ஓடு உடையும், சொல்லி வைக்கலாம்னுதான்.

மணி அடிச்சதும் எடுத்துட்டான். நான் 'அறிவு'ன்னேன். பதறிப் போய், "அண்ணே! அண்ணிக்கு ஒண்ணுமில்லையே?"ன்னான். இத்தனை வருஷம் கழிச்சு அண்ணன் கூப்பிட்டா கெட்ட சேதியாத்தான் இருக்கும்னு நினைச்சிருக்கான். குரல் அப்பா குரல் மாதிரியே ஆயிடுச்சு அவனுக்கு.

"அண்ணி நல்லா இருக்காடா. கடைக்குப் போயிருக்கா. நீ... பின்பக்கத் தென்னையில காய் இறக்கணும், ஆளை விட்டுப் பறிச்சுக்க."

"சரிண்ணே."

"மணிவிழாவுக்கு மைக் செட் யாருது?"

"ஒரத்தநாட்டுப் பையன் ஒருத்தன்ணே."

"அந்த டப்பாவை நம்பி விழா வைக்கிறியா? நான் வந்து பார்த்துக்கறேன்."

அவ்வளவுதான், உடைஞ்சுட்டான். அறுபது வயசு ஆம்பளை, போன்ல அழறான். ரெண்டு பக்கமும் மழைதான் கேட்டுச்சு. அங்கேயும் ஐப்பசி அடைமழையாம். அப்புறம் தேம்பிக்கிட்டே ஆரம்பிச்சான்.

"அண்ணே, சத்தியமா சொல்றேன், அன்னிக்கு நான் அந்த ஓட்டை..."

"டேய், வாயை மூடு. யாருக்குப் போட்டேன்னு யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. அது ரகசியம்."

அக்டோபர் 26, சனி

ரஸ்ஸல்கிட்ட சொல்லிக்கிட்டு வந்தேன். கம்பத்தைக் கழட்டி வச்சிருக்காரு, அடுத்த வருஷத்துக்காம். நவம்பர் நாலாம் தேதிக்கு டிக்கெட்டை மாத்தித் தரச்சொல்லி எழில்கிட்ட ரகசியமாக் கேட்டேன், மாத்திட்டா. அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன், நீ வாயைத் திறக்காதேன்னும் சொல்லி வச்சேன்.

உள்ளே வந்து பார்த்தா, செண்பகம் பெரிய பெட்டியைக் கீழே இறக்கித் துடைச்சுக்கிட்டிருக்கா. நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலை.